தீவின் குடிநீரும் மாதர் தலைமையும்

நடு அந்தமானின் கிழக்குக் கரையை அடுத்து லாங் ஐலண்ட் என்னும் சிறு தீவு அமைந்துள்ளது. ரங்கத் நகருக்கு அண்மையிலுள்ள யெராட்டா துறையிலிருந்தோ, 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேரிலிருந்தோ படகேறித்தான் அங்குச் செல்ல இயலும், தரைவழி கிடையாது. அந்தமானில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சென்னை நகரில் பெய்வதைப் போல அஃது இருமடங்காகும். இத்துணை மழை பெற்றும், மழை ஓய்ந்த தை மாதம் தொடங்கிச் சித்திரை முடியும் வரை அந்தமான் தீவுகள் பலவற்றில் குடிநீருக்குத் தட்டுப்பாடு உண்டாகின்றது. காரணம் எளியது. தீவுகள் குறுகியவை, மலைச் சரிவுகள் செங்குத்தானவை, ஓடைகள் குறுகிய தொலைவே ஓடுபவை. மலைமேல் விழுந்த மழைநீர் நிலத்தில் தங்காமல் விரைவில் கடலைச் சென்றடைகின்றது. தேக்கி வைக்க ஒருவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாலன்றி, கோடையில் அந்நீர் கிட்டாது.

அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று முதலில் குரல் எழுப்புபவர் யார்? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீரைத் தேடிச் செல்பவரே. அவர் பெண் என்பதை இராமநாதபுரத்துச் சிற்றூர்களை அறிந்த நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 2030க்குள் எய்த வேண்டிய 17 குறிக்கோள்களை வகுத்தது. அவற்றுள் ஐந்தாவது ஆண் பெண் சமத்துவம்; ஆறாவது தூய குடிநீரும் சுகாதாரமும். இவ்விரண்டும் அடுத்தடுத்து இடம் பெற்றது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால், ஆட்சிப் பொறுப்பில் பெண்கள் அமர்வதற்கும் ஊருக்குத் தண்ணீர் வருவதற்கும் உள்ள உறவு தற்செயலானதா? அதனையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி மன்றங்களின் உறுப்பினர் பதவிகளிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என அது விதித்தது. பீகார் மாநிலம் 2006இல் இப்பங்கைப் பாதியாக உயர்த்தியது. பின்னர்க் கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களும், 2016இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தன. அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு 1994ஆம் ஆண்டில் தனி ஊராட்சி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கு ஊராட்சித் தலைவரைப் 'பிரதான்' என்பர்.

இத்தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர் செல்கின்றார். 2024 வரை நடந்த எந்தப் பொதுத் தேர்தலிலும் அவ்விடத்திற்கு ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கை மாதர்க்கு ஒதுக்கும் சட்டம் 2023இல் நிறைவேறிற்று. ஆயினும், ஒரே ஓர் இடத்தை மூன்றாகப் பகுக்க முடியுமா? எனவே லாங் ஐலண்ட் போன்ற தீவில் வாழும் ஒரு பெண்ணுக்கு, ஆட்சியில் பங்கு பெற அண்மையில் இருக்கும் வாயில் ஊராட்சி ஒன்றேயாகும்.

ஒதுக்கீட்டினால் பயன் விளைந்ததா என்பதில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. 'பதவியில் பெண் இருப்பாள். கோப்பில் கையெழுத்தும் இடுவாள். ஆள்பவர் கணவரே' என்று எள்ளி நகையாடினோர் பலர். இவ்வாதத்தைக் கணக்கெடுத்துச் சோதித்தவர்கள் இருவர். ஒருவர் ராகவேந்திர சட்டோபாத்தியாயர். மற்றவர் 2019இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டுஃப்லோ. மேற்கு வங்கத்துப் பீர்பூம் மாவட்டத்திலும், ராஜஸ்தானத்து உதய்ப்பூர் மாவட்டத்திலுமாக 265 ஊராட்சிகளை ஆராய்ந்து, 2004இல் தம் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறையை நேயர்கள் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். எந்த ஊராட்சியின் தலைமை பெண்ணுக்கு என்பதை ஊர் மக்கள் தீர்மானிப்பதில்லை. சுழற்சி முறையே தீர்மானிக்கின்றது. முற்போக்கான ஊர் ஒன்று தானே விரும்பிப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவ்வூர் செழித்ததென்றால், அது பெண்ணின் ஆட்சியால் வந்த செழிப்பா, ஊரின் இயல்பால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. சுழற்சி முறையில் முறை வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டால் அந்த ஐயத்திற்கு இடமில்லை. இவ்வாறு ஒப்பிட்டபோது, இரு மாவட்டங்களிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்கு ஆண் தலைவர்களைவிட மிகுதியாகச் செலவிட்டிருந்தனர். சாலை விஷயத்தில் வியப்பான செய்தி கிடைத்தது. மேற்கு வங்கத்தில் பெண் தலைவர்கள் சாலைகளுக்கு மிகுதியாகச் செலவிட்டனர். ராஜஸ்தானத்திலோ குறைவாகச் செலவிட்டனர். மேற்கு வங்கத்தில் சாலை வேண்டும் என்று பெண்களே முறையிட்டு வந்தனர். ராஜஸ்தானத்தில் சாலையை மிகவும் விரும்பியவர்கள் ஆண்கள். அவ்வவ்வூர்ப் பெண்கள் எதனைக் கேட்டனரோ அதனையே பெண் தலைவர் செய்தார் என்பது இதனால் புலனாகின்றது. கணவர்தாம் ஆள்கின்றார் என்பது எங்கும் உண்மையாயின், செலவுப் பட்டியலில் இவ்வேறுபாடு தோன்றியிராது.

மேற்கு வங்கத்தில் மற்றொன்றும் தெரிந்தது. தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் கிராம சபைக்கு வந்த பெண்களின் விகிதம் கூடியிருந்தது. பின்னர் 2012இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, இரு தேர்தல்களில் தலைமை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் வளரிளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கல்வியில் இருந்த இடைவெளி மறைந்துவிட்டதெனக் காட்டிற்று. எவரும் அச்சிறுமிகளுக்குத் தனியே பள்ளி கட்டித் தரவில்லை. தம் ஊரில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து ஆணையிடுவதை அவர்களும் அவர்தம் பெற்றோரும் கண்டனர், அவ்வளவே நிகழ்ந்தது.

பீர்பூமின் கதை அந்தமானுக்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். நடு அந்தமானில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்கள் மிகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாக உடையவர். தமிழ்ப் பெண்ணும் வங்கப் பெண்ணும் ஒரே குழாயடியில் நிற்கின்றனர், பொதுமொழி இந்தி. ஒருவருக்குத் தண்ணீர் இல்லையேல் மற்றவருக்கும் இல்லை.

கடல் சூழ்ந்த சிறு நாடுகளின் துயரை உலக அரங்கில் எடுத்துரைப்பவர்களுள்ளும் பெண்கள் முன்னிற்கின்றனர். பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் தலைவராக ஹில்டா ஹைனே 2016இல் பதவி ஏற்றார். 2024இல் மீண்டும் ஏற்றார். கடல் மட்டம் உயர்ந்தால் அவர் நாட்டின் கிணறுகளில் உப்பு ஏறும். பார்படோஸ் தீவின் பிரதமராக 2018இல் பொறுப்பேற்ற மியா மோட்லி, புயலால் அழியும் சிறு நாடுகளின் கடன் சுமையைக் குறைக்க 2022இல் பிரிட்ஜ்டவுன் திட்டத்தை முன்வைத்தார். நம் நாட்டில் மழைநீரைப் பற்றிப் பேசுங்கால் ஜெயலலிதாவின் ஆட்சியை விட்டுவிட இயலாது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டத்தை அவரது அரசு கொண்டுவந்தது. அவர் அரசியலில் எவருக்கு எக்கருத்து வேறுபாடு இருந்தாலும், இச்செயலைப் பாராட்டாதார் குறைவு. 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுக்கு அம்முறை எத்துணைப் பொருத்தமானது என்பதை நாம் விளக்க வேண்டுமா?

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. பெண் தலைவர் என்றவுடன் எளியோர்க்கு நன்மையே விளையும் என்று எண்ணுதல் பிழை. உலகின் முதற் பெண் பிரதமராக 1960இல் இலங்கையில் சிரிமாவோ பண்டாரநாயக்கா பதவி ஏற்றார். அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் 1964இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் ஆயினர். 3,00,000 பேர்க்கு இலங்கைக் குடியுரிமை கிட்டுவதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டுக்கொண்டன. அப்போது இரு நாட்டுப் பிரதமர்களும் பெண்களே. இந்தியாவின் சார்பில் இந்திரா காந்தி. கொழுந்து பறித்த பெண்களை ஒருவரும் கலந்து கேட்கவில்லை. அவ்வாறு தாயகம் திரும்பியவர்களுள் சில குடும்பங்கள் நிகோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே, தலைமையில் இருப்பவர் பெண்ணா என்று மட்டும் கேட்டால் போதாது. அவர் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் கேட்க வேண்டும். ஊராட்சித் தலைவி, தண்ணீர் வரவில்லையெனில் மறுநாட் காலையில் தெருவில் அனைவர் முகத்தையும் பார்க்க வேண்டியவர். ஊராட்சியின் வலிமை அதில்தான் இருக்கின்றது எனக் கருதுகின்றோம்.

அந்த வலிமைக்கு விலையும் உண்டு. மதுரை மாநகராட்சியில் வில்லாபுரம் பகுதி மக்களால் 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. தம் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று அவர் ஓயாது போராடினார். தண்ணீர்த் தட்டுப்பாட்டினால் வருவாய் பெறுவோர் எந்த ஊரிலும் இருப்பர். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பட்டப்பகலில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக அமர்ந்தபோது எதிர்கொண்ட ஏளனத்தைப் பலரும் அறிவர். லீலாவதி ஏளனத்தோடு தப்பவில்லை. குடிநீர் என்பது சிறு விஷயம், பெண்களுக்கு ஏற்ற விஷயம் என்று கூறுவோர் வில்லாபுரத்தை நினைத்துப் பார்த்தல் நன்று.

இனி லாங் ஐலண்டுக்குத் திரும்புவோம். இத்தீவு ஒரு காலத்தில் மரத்தொழிலால் வாழ்ந்தது. காடுகளில் வெட்டிய மரம் இங்கு ஒட்டுப்பலகையாயிற்று. ஆலையை நம்பியே ஊர் வளர்ந்தது. பின்னர் ஆலை மூடப்பட்டது. வேலை இழந்த குடும்பங்கள் பல தீவை விட்டு வெளியேறின. அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. அவ்வாணை பிறந்த பெருவழக்கு, 1995இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைக் காக்கத் தொடுக்கப்பட்ட வழக்கின் தொடர்ச்சியாகும். கூடலூரில் தொடங்கிய வழக்கு கடல் கடந்த தீவின் வாழ்வையும் மாற்றியது. காடு நிலைத்தால் ஓடை வற்றாது என்பது மெய்யே. ஆனால் கூலி போன வீட்டில் அடுப்பெரிக்கும் பொறுப்பும் பெண்ணுக்கே உரியதாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கக் கூடியவர் அவ்வடுப்பின் முன் இருப்பவரே.

அடுத்த மாறுதலும் வாயிலில் நிற்கின்றது. மத்திய சர்க்கார் 2017ஆம் ஆண்டு ஜூனில் தீவுகள் வளர்ச்சி முகமையை அமைத்தது. முழுமையான வளர்ச்சிக்கு முதற்கட்டமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட அந்தமான் தீவுகள் ஐந்து: ஸ்மித், ராஸ், ஏவிஸ், லாங், லிட்டில் அந்தமான். தனியார் முதலீட்டில் சுற்றுலா விடுதிகள் எழுப்புவது அத்திட்டத்தின் உட்கிடை. லாலாஜி விரிகுடாவின் வெண்மணற் கரையைக் கண்டவர் எவரும் அங்குப் பயணிகள் வருவதை வியக்கமாட்டார். விடுதி வந்தால் வேலை வரும். ஆலை மூடிய ஊருக்கு அது வேண்டும். ஆனால் விடுதியின் ஒவ்வோர் அறைக்கும் குளிக்கவும் துவைக்கவும் நீர் வேண்டும். பங்குனி மாதத்தில் அந்நீர் எந்த ஓடையிலிருந்து எடுக்கப்படும்? ஊருக்கு முதற்பங்கா, விடுதிக்கு முதற்பங்கா? விடுதியே தன் கூரை மழையைத் தேக்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படுமா? பெரிய அலுவலகங்களில் இத்திட்டங்கள் வரையப்படுங்கால் இவ்வினாக்களை எழுப்ப அங்கு ஊர்ப்பெண் ஒருவரும் இரார். கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாக எழுதி வைக்கலாம்; எழுதி வைத்த தீர்மானத்தை அலுவலர் படிக்காமல் ஒதுக்குவது சற்றுக் கடினம்.

கிராம சபை என்பது ஊராட்சி உறுப்பினர்களின் கூட்டமன்று. அவ்வூராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஈண்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கின்றது. ஒருவர் பெயர் ஓரிடத்துப் பட்டியலில் மட்டுமே இருத்தல் கூடும். அவர் வழக்கமாக வாழும் இடமே அதற்குரிய இடம். நம்மவர் பலர் அந்தமானிலோ, மும்பையை அடுத்த ஊர்களிலோ, கேரளத்துத் தோட்டங்களிலோ இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், பெயரைப் பிறந்த ஊரிலேயே வைத்திருக்கின்றனர். பிறந்த மண்ணின் மீதுள்ள பற்று அதற்குக் காரணமாயின் அதனைக் குறை கூறோம். ஆயினும், அவர்கள் வீட்டுப் பெண்கள் வாழும் ஊரில் கிராம சபைக்குச் சென்றால் உறுப்பினராகப் பேச முடியாது. ஒதுக்கப்பட்ட இடத்திற்குப் போட்டியிடவும் முடியாது. ஊர் விட்டு வந்த ஆண் ஊர்த் திருவிழாவுக்குச் சென்று வாக்கும் அளித்துத் திரும்புகின்றார். பெண்ணோ இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்ற நிலையில் குடத்துடன் நிற்கின்றாள்.

பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கவும், வேறு இடத்திலிருந்து மாற்றிக்கொள்ளவும் தேர்தல் ஆணையத்தின் படிவங்கள் உள்ளன. வாழும் பகுதியின் வாக்குச்சாவடி அலுவலரிடம் அவற்றைக் கேட்டுப் பெறலாம். படிவம் இந்தியிலோ அவ்வட்டார மொழியிலோ இருக்கும். வீட்டில் அம்மொழி படித்த பிள்ளைகள் இருப்பர். மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் நிரப்பி முடித்துவிடலாம்.