மணி பார்க்க எடுத்த போன்

காலை ஆறரை இருக்கும். டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், விரலை வைத்துத் திறந்தார், கட்டைவிரலால் மேலே இரண்டு தள்ளு தள்ளினார், திரும்பப் பையில் போட்டார். "மணி என்ன தம்பி?" என்று கேட்டேன். மறுபடியும் போனை எடுத்தார். எடுத்தவர் என்னைப் பார்த்து, "மணி பாக்கத்தாண்ணே முதல்லயும் எடுத்தேன்" என்றார்.

எனக்கும் இது நடக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும். ஞாபக மறதி, ஒழுங்கில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். அது நியாயமில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். எப்படிப் பழகியது என்பதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்தார். பெட்டிக்குள் ஒரு சின்ன வட்டு இருக்கும். புறா அதைக் கொத்தினால் தீனி கிடைக்கும். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எந்தக் கொத்துக்கு வரும் என்று கணக்கே இல்லாமல் எப்போதாவது தீனி கிடைத்த புறா அப்படி விடாது. சளைக்காமல் கொத்தும், தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தும். ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து 1957-இல் இந்தச் சோதனைகளைப் பெரிய புத்தகமாகவே தொகுத்தார்கள்.

நம் கதையும் இதுதான். போனை எடுக்கிற பெரும்பாலான தடவை உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு தடவை மட்டும் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி, போட்டோவோடு வந்திருக்கும். அது எந்தத் தடவை என்று தெரியாததால் எல்லாத் தடவையும் கை போகிறது. தபால்காரர் காலத்தில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போனோம். அவர் தெருவைத் தாண்டிவிட்டால் மறுநாள் வரை வாசலில் நமக்கு வேலையில்லை.

பட்டன் போன்கூட இப்படி இழுக்கவில்லை. பஸ் ஏறியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், ஊர் போய் இறங்கியதும் ஒன்று. காசில்லாமல் சேதி போய்ச் சேர்ந்தது. மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்குப் பையில் கிடந்தது. ஸ்மார்ட்போன் வந்த புதிதிலும் நெட் தீர்ந்துவிடுமே என்ற பயம் கையைப் பிடித்து வைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அந்தப் பயம் போனது, கூடவே அந்தப் பிடியும்.

இந்தக் கடை பெஞ்சிலேயே இன்னொன்றைப் பார்க்கலாம். ஒரே பேப்பரைப் பிரித்து நடுப்பக்கத்தை ஒருவரும் விளையாட்டுப் பக்கத்தை ஒருவரும் படிக்கிறார்கள். பக்கம் முடிந்ததும் தலை நிமிர்கிறது, எதிரில் ஆள் இருக்கிறார், பேச்சு வருகிறது. போனில் பக்கம் முடிவதில்லை. கீழே போகப் போகத் தானாக வந்துகொண்டே இருக்கும் அந்த ஏற்பாட்டை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். முன்பு அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. 'போதும், எழுந்திருப்போம்' என்று தோன்ற அந்த ஒரு நொடிதான் இடம் கொடுத்தது. அந்த நொடி போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

போன் தந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. யுபிஐ வந்த பிறகு சில்லறைத் தகராறு ஓய்ந்தது, மீதிக்கு மிட்டாய் வாங்கிக்கொள்ளும் கட்டாயமும் போனது. ஆனால் அந்த நன்மைகளின் வழியாகத்தான் மற்றதெல்லாம் நுழைகிறது. வீட்டில் இருந்த அலாரம் கடிகாரம் அடிக்க மட்டும் செய்தது. டார்ச் வெளிச்சம் மட்டும் தந்தது. கால்குலேட்டரில் கணக்குதான் போட முடிந்தது. இப்போது இத்தனையும் ஒரே பொருளுக்குள் வந்துவிட்டன; வாசலிலேயே ஊர்ச்சேதியும் சண்டையும் சினிமாவும் காத்திருக்கின்றன. டீக்குப் பணம் அனுப்பப் பத்து நொடி போதும். ஆனால் அனுப்பிய பிறகு போன் பைக்குள் போவதில்லை. தம்பிக்கு நடந்ததும் அதுதான். மணி பார்க்கப் போனவரை வழியில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அலமாரியில் கிடந்த பழைய கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக் கட்டிக்கொண்டேன். அதில் மணியைத் தவிர வேறொன்றும் தெரியாது. போனைச் சட்டைப் பையிலிருந்து தோள்பைக்கு மாற்றினேன். எடுக்க வேண்டுமென்றால் ஜிப்பைத் திறக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க வலது கை காலிச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது பரவாயில்லை. டீ வரக் கொஞ்சம் தாமதமானால் மட்டும், நான் சொல்லாமலே மேலே போய்ப் பையைத் தொட்டுவிட்டு இறங்குகிறது.