துருவுக்கு எமன், ஆலைக்கழிவு!

புதுவாயல்,

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயல் கூட்டுரோட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும். கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்து லாரி லாரியாக கம்பியும் பைப்பும் போவதை பார்க்கலாம். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் பக்கத்தில்தான். உப்புக்காற்று. இரும்பை சும்மா விடுமா?

துருவை தடுக்கும் பெயிண்டுக்கு வேண்டிய சரக்கு, இரும்புக்கு முலாம் போடும் ஆலைகளின் கழிவிலேயே கிடக்கிறது!

பால் ஆடை மாதிரி

கடையில் "ஜி.ஐ. பைப்" கேட்டு வாங்குகிறோமே, அது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு பைப். தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி. பால் காய்ச்சினால் ஆடை படிகிற மாதிரி, துத்தநாகத்தின் மேல் ஏடு படிகிறது. அதை வழித்து எடுப்பார்கள். அதற்கு பெயர் துத்தநாக சாம்பல். அடியில் தங்குவது கசடு.

பேர்தான் சாம்பல், கசடு. இரண்டிலும் பெரும்பகுதி துத்தநாகமே!

கசடை 907 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் துத்தநாகம் ஆவியாகும். இரும்பு அடியில் நின்றுவிடும். ஆவியை குளிர வைத்தால் மாவு மாதிரி தூள் கிடைக்கும். இந்த தூளை பிசினில் கலந்தால் "ஜிங்க் பிரைமர்". பாலத்துக்கும், கப்பலுக்கும், எண்ணெய் டாங்கிக்கும் முதல் பூச்சு இதுதான். "ஜிங்க் பிரைமர்" என்று சொல்ல, காய்ந்த பூச்சில் 100–க்கு 80 பங்காவது துத்தநாக தூள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச தர விதி.

உப்புக்காற்று முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். அது தீர்ந்த பிறகே இரும்பில் வாய் வைக்கும். சின்ன கீறல் விழுந்தாலும் பயம் இல்லை.

சாம்பலில் இருந்து, நெல் வயலுக்கு போடும் ஜிங்க் சல்பேட்டும் தயாராகிறது.

ஆசிட் வம்பு

விலை போகிற கசடை யாரும் ரோட்டோரம் கொட்டமாட்டார்கள். வம்பு எல்லாம் ஆசிட்டில்தான்.

முலாம் போடும் முன்பு இரும்பை ஆசிட்டில் கழுவ வேண்டும். வீரியம் தீர்ந்த ஆசிட்டில் இரும்பு கரைந்து கிடக்கும். அதை சூளையில் தெளித்து வறுத்தால் ஆசிட் திரும்ப கிடைக்கும். கூடவே செந்தூளும் விழும். கிரில் கதவுக்கு அடிக்கிறோமே ரெட் ஆக்சைடு, அதற்கு நிறம் தரும் சரக்கு அதுவே!

ஆனால் இந்த சூளை பெரிய உருக்காலைக்குத்தான் கட்டுப்படியாகும். சின்ன பட்டறை எங்கே போகும்?

7 நிற ரசீது

2016–ம் ஆண்டு அபாய கழிவு விதிப்படி, இதை 90 நாளுக்கு மேல் ஆலையில் வைத்திருக்க கூடாது. அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். லாரி கிளம்பும்போது 7 நிறத்தில் 7 பிரதி ரசீது போட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே அபாய கழிவுகளை புதைக்கும் நிலையமும் இருக்கிறது. அதற்கு காசு கட்ட வேண்டும். ஏரிக்கரையில் இருட்டில் திறந்துவிட காசு வேண்டாம்!

அப்படி திறந்துவிட்டால் ஆசிட்டோடு ஈயமும் மண்ணில் இறங்கும். பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஓடும் ஆரணி ஆறு கடைசியில் சேருவது பழவேற்காடு ஏரியில். இறால் பிடித்து பிழைக்கிறவர்கள் அங்கே ஏராளம்.

ராத்திரியில் டேங்கர் லாரி ஏரிக்கரையில் நின்றால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கும்மிடிப்பூண்டி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். லாரி நம்பரை குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.