வேகமும் சுகமும்

காரின் ஸ்பிரிங்குகள் மென்மையாக இருந்தால் பயணம் சுகமாக இருக்கும். ஆனால் வளைவுகளில் வண்டி ஒருபுறம் சாயும். அவை இறுகியிருந்தால் வண்டி சாலையைப் பற்றி ஓடும். ஆனால் ஒவ்வொரு குழியும் உடலை உலுக்கும். இவ்விரு நலன்களையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம்? இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்.ஜே.6 கார் இவ்வினாவுக்கு அழகியதொரு விடையாகும்.

அதன் சக்கரங்களைத் தாங்கும் பகுதிகள் காரின் உடலோடு நேராகப் பிணைக்கப்படவில்லை. முன்னும் பின்னும் தனிச் சட்டங்களில் அவை பொருத்தப்பட்டன; சட்டத்திற்கும் உடலுக்கும் இடையே ரப்பர் வைக்கப்பட்டது. சாலையின் இரைச்சலும் அதிர்வும் அந்த ரப்பரிலேயே பெரிதும் அடங்கின. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே அசைந்தன. அவற்றின் பிரேக் தட்டுகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்தன. எனவே சக்கரத்தோடு குதிக்கும் எடை குறைந்தது. மேடுபள்ளங்களிலும் சக்கரம் தரையை விட்டு அகலவில்லை. அகன்ற டயர்கள் வளைவில் பிடி தந்தன. இப்பணியில் பெரும்பங்கு பாப் நைட் என்ற பொறியாளருடையது.

எஞ்சினோ 1948-இல் அறிமுகமான ஆறு சிலிண்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. லே மான் பந்தயத்தில் 1951 முதல் 1957 வரை ஐந்து முறை வென்ற ஜாகுவார் கார்களை இயக்கியதும் அக்குடும்பமே!

வடிவத்தை வகுத்தவர் சர் வில்லியம் லயன்ஸ். 1922-இல் பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யத் தொடங்கியவர். அவர் காட்டிய தாழ்ந்த, நீண்ட உருவமும், உள்ளே வால்நட் மரப்பலகையும் காண்போர் கண்ணைக் கவரும். ஆயினும், நண்பர்களே, பயணியின் களைப்பைப் போக்கியது அடியில் மறைந்திருந்த ரப்பரே!