காலடிக் காடு – 11: சுவரில் சுருண்டு கிடக்கும் பச்சை

சித்திரை வெயிலில் பழைய கிணற்றின் உட்சுவரையோ, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வடக்கு முகத்தையோ குனிந்து பாருங்கள். சிமெண்டின் மேல் பழுப்பும் கறுப்புமாக ஒரு பொருக்கு தெரியும். வறுத்த சீரகத்தைக் கொட்டிப் பரப்பியது போலிருக்கும். செத்துப்போனது என்று நினைத்துச் சுரண்டிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். குழலாகச் சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். தண்டின் உச்சியிலிருந்து நாலா பக்கமும் விரியும். உங்கள் கண்முன்னே சுவர் பச்சையாகிவிடும்.

சென்ற வாரம் லைக்கன்களோடு பாறைமேல் நின்றோம். இந்த வாரமும் பாறையை விட்டு இறங்கப் போவதில்லை. பாறையும் சுவரும் இந்தச் செடிக்கு ஒன்றுதான். இரண்டிலும் மண் கிடையாது, அவ்வளவே.

இதன் பெயர் ஹயோஃபிலா இன்வொலூட்டா. வெப்பமண்டலம் முழுக்கப் பரவியிருக்கும் பாசி வகை. ஆற்றோரப் பாறை, வாய்க்கால் மதகு, பாலத்தின் அடிச்சுவர், ஏசி தண்ணீர் சொட்டும் இடம் என்று ஈரமும் சுண்ணாம்பும் சேர்ந்த எங்கும் இதைப் பார்க்கலாம். அபூர்வமான செடி இல்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். மலையேறி ஒன்றைத் தேடிக் காட்டுவதைவிட, நீங்கள் நாளைக்கே உங்கள் சுவரில் பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசலாம்.

அடையாளம் காண முதலில் விரலால் தொட வேண்டும். வழுக்கினால் அது ஆல்கா அல்லது நீலப்பச்சைப் பாக்டீரியா. அதற்குத் தண்டு, இலை ஏதும் கிடையாது. மெத்தென்று இருந்து, கிள்ளினால் தனித்தனிச் செடியாகப் பிரிந்தால் இன்றைய ஆள். நம் ஊரில் இரண்டையும் பாசி என்றே சொல்லிவிடுவதால், குளியலறையில் வழுக்கி விழுந்த பழி இதன் மேலும் சேர்ந்துவிட்டது.

அடுத்தது, நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ். நல்ல மைக்ரோஸ்கோப்பை விட இதுதான் அதிகம் உதவும். காய்ந்த நிலையில் ஒரு முறை, நனைத்த பின் ஒரு முறை என்று ஒவ்வொரு செடியையும் இரண்டு தடவை பாருங்கள். ஹயோஃபிலாவின் இலை நனைந்திருக்கும்போது கரண்டி வடிவில், நுனிப் பக்கம் அகன்றிருக்கும். நடுநரம்பு ஏறக்குறைய நுனி வரை ஓடும். காய்ந்தால் இரண்டு ஓரமும் உள்பக்கமாக மடங்கிக் குழலாகிவிடும். இதே சுவரில் பக்கத்து வீட்டுக்காரனாக வாழும் பார்புலா இண்டிகாவின் இலை குறுகலானது, காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். வெள்ளிப் பளபளப்போடு சின்னச் சின்னத் திரிகளாக நின்றால் அது பிரையம் அர்ஜென்டியம். அதன் இலையின் மேல்பாதியில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளி நிறம். தென்னை மரத்தின் அடித்தண்டில் வெளிறிய பச்சையில் திட்டுத்திட்டாக இருப்பது ஆக்டோபிளெஃபாரம். சுவர்ப்பக்கம் அதிகம் வராது.

சந்தேகம் தீராவிட்டால் இலையிடுக்கைப் பாருங்கள். மேல் இலைகளின் கக்கத்தில் பழுப்புப் பொடி போல எதுவோ ஒட்டியிருக்கும். அதுதான் ஜெம்மா. இந்தச் செடி தன்னைத்தானே நகலெடுத்து உதிர்க்கும் துணுக்கு. மைக்ரோஸ்கோப்பில் நட்சத்திரம் மாதிரி தெரியும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயர் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மாதிரியைச் சேகரித்து வைக்கலாம். மற்றச் செடிகளைப் போல அழுத்திப் பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை எடுத்து, காகிதத்தை மடித்துப் பொட்டலம் கட்டி, நிழலில் உலர்த்தி, இடமும் தேதியும் எது மேல் வளர்ந்தது என்பதும் எழுதினால் போதும். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சொட்டு நீர் விட்டாலும் இலை பழைய வடிவத்துக்கு வரும். கொடைக்கானல் செம்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ இப்படிப் பொட்டலம் பொட்டலமாகச் சேர்த்துத்தான் பழனி மலைப் பாசிகளின் பட்டியலை 1961இல் வெளியிட்டார். இன்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் அந்த வேலை தொடர்கிறது.

வளர்க்கும் முறைக்குப் போகுமுன் இது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு வேர் இல்லை. அடியில் இருக்கும் வேரிகள் பாறையைப் பற்றிக்கொள்ளத்தான். நீரை இலைகள் நேராகக் குடிக்கின்றன. பெரும்பாலும் ஒற்றை அடுக்குச் செல்தான் இலையின் தடிமன். குடித்ததைச் சேமிக்க இடமில்லை. எனவே காற்று உலர்ந்தால் செடியும் உலரும், மழை வந்தால் நனையும். உலர்ந்திருக்கும்போது மூச்சுகூட ஏறக்குறைய நின்றுவிடும். சாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், செல்லுக்குள் சேர்த்து வைத்த சர்க்கரை. சவ்வுகள் நொறுங்காமல் அது காக்கிறது.

நனைந்தவுடன் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. உலர்ந்தபோது ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்ய முதலில் சக்தி செலவாகிறது. அந்த நேரத்தில் செடி சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகம். ஈரம் போதுமான நேரம் நீடித்தால்தான் ஒளிச்சேர்க்கை அந்தக் கடனை அடைத்து மிச்சம் பிடிக்கும். அதற்குள் மறுபடி காய்ந்துவிட்டால் நஷ்டக் கணக்கு. இப்படித் தினமும் நடந்தால் திவால்.

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் சிண்ட்ரிக்கியா கேனினெர்விஸ் என்ற பாலைவனப் பாசிக்குக் கோடையில் அடிக்கடி 1.2 மில்லிமீட்டர் அளவு சின்ன மழையைச் செயற்கையாகக் கொடுத்தார்கள். தரையில் சுமார் 25 விழுக்காடு பரவியிருந்த பாசி ஒரே பருவத்தில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. தண்ணீர் கொடுத்ததால் செத்தது. 2012இல் இந்த ஆய்வு வெளிவந்தது. நம் ஹயோஃபிலாவும் அதே பாட்டியேசி குடும்பம்தான். பாலைவனச் செடி இல்லை என்றாலும் வரவு செலவுக் கணக்கு மாறாது.

வீட்டில் பாசி வளர்த்துத் தோற்றவர்களில் பாதிப் பேர் தோற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். கையில் ஸ்பிரே பாட்டில் வைத்துக்கொண்டு, நடமாடும்போதெல்லாம் ஒரு ‘புஸ்’. நண்பகலில் அடித்த அந்த ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கருணையோடு செய்யும் கொலை அது. ஊற்றுவதானால் சாயங்காலம் நன்றாக ஊற்றுங்கள். இரவெல்லாம் ஈரம் நின்று, விடிந்ததும் இளவெயிலில் சில மணி நேரம் வேலை செய்து, பின் நிதானமாகக் காயட்டும். பங்குனி, சித்திரையில் விட்டேவிடுங்கள். சுருண்டு தூங்கட்டும்.

தண்ணீரிலும் ஒரு பேதம் உண்டு. மழைநீர் உத்தமம். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் நீரை வீணாக்கக் கூடாது என்று பாசிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பெல்லாம் திரண்டிருக்கும். வேர் இல்லாத செடி அந்த உப்பை இலை மேலேயே வாங்கி, நாளடைவில் வெள்ளை பூத்துப் போகும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களிலும் இதே கதை.

இனி நடவு. பாசியை எங்கே ஒட்டப் போகிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வேலை முடிகிறது. பளிங்கு போல வழவழப்பான பரப்பில் வராது. சொரசொரப்பான, நீரைக் கொஞ்சம் உறிஞ்சும் பரப்பு வேண்டும்: பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை, வெளுத்த சிமெண்ட். புதுச் சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம். காற்றும் மழையும் பட்டு அது தணிய வேண்டும். சிமெண்ட் தொட்டியைச் செய்த மறுநாளே பாசி நடுகிறவர்கள் அடுத்த மழைக்காலம் வரை பொறுப்பது நல்லது. வடக்கு அல்லது கிழக்கு முகம், அருகில் மரநிழல், ஆனால் இலை உதிர்ந்து மூடாத இடம். வேப்பமரத்தடி இந்தக் கடைசி விஷயத்தில் தொல்லை தரும். தினமும் பெருக்க வேண்டும்.

காலம், ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் நட்டால் மார்கழிப் பனி வரை ஈரம் இலவசம்.

முறை இரண்டு. ஒன்று, அடியோடு பெயர்த்த சிறு துண்டை அதே மாதிரிப் பரப்பில் அழுத்தி வைப்பது. பழைய பருத்தித் துணியையோ மெல்லிய கொசுவலையையோ மேலே கட்டினால் காற்றிலிருந்தும் மைனாவிடமிருந்தும் தப்பும். பறவைகளும் கோழியும் பாசிக்கடியில் புழு தேடிப் புரட்டிப்போடும். மண்ணில் வளரும் பாசிக்கு இந்த முறை சரி. பாறைப் பாசியோ பரப்போடு அப்படிப் பின்னிப் பிணைந்திருக்கிறது, பெயர்த்த பின் பெரும்பாலும் பிடிப்பதில்லை. ராபின் வால் கிம்மரர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 2003இல் எழுதிய ‘கேதரிங் மாஸ்’ நூலில், தன் தோட்டத்துப் பாறைகளில் உடனடியாகப் பாசி வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு செல்வந்தரைப் பற்றிச் சொல்கிறார். பணத்தால் அது முடியவில்லை. பாசி படிந்த பாறைகளையே வெடிவைத்துப் பெயர்த்துக் கொண்டுவரும் அளவுக்குப் போனது அந்த ஆசை.

இரண்டாவது முறைதான் நான் சிபாரிசு செய்வது. காய்ந்த ஹயோஃபிலாவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பொடியாக்கி, நனைத்த பரப்பின் மேல் தூவுங்கள். செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து மெல்லப் பூசிவிட்டுத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். தூவுவது ஜப்பானில் நெடுநாளாகப் புழங்கும் வழி; அங்கே மணற்பாசியை இப்படித்தான் பரப்புகிறார்கள். இது பலிப்பதற்குக் காரணம், பாசியின் எந்தத் துண்டிலிருந்தும், ஒரு கிழிந்த இலையிலிருந்தும்கூட, முழுச் செடி முளைக்கும். ஆய்வகங்களில் ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற பாசியை மிக்ஸியில் அடிப்பது போல அரைத்துத்தான் பெருக்குகிறார்கள். 2008இல் மரபணு வரிசை முழுதும் படிக்கப்பட்ட முதல் பாசி அது.

மிக்ஸி என்றதும் மோர் ஞாபகம் வரும். மோரோடு அடித்துச் சுவரில் பூசு என்ற குறிப்பு உலகெங்கும் சுற்றுகிறது. மிக்ஸிக்கு என் ஆட்சேபம் இல்லை, மோருக்குத்தான். நம் வெக்கையில் மோர் பூசிய சுவரில் முதலில் வருவது பூஞ்சணம், பிறகு எறும்பு. கஞ்சித் தண்ணீரும் அப்படியே. பாசிக்குச் சோறு போட வேண்டியதில்லை. மழையும் தூசியும் கொண்டுவருவதே அதற்குப் போதும்.

ஹயோஃபிலாவைத் தூவுவதில் கூடுதல் சாதகம் ஒன்றிருக்கிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் அணு நீரில் நீந்திப் போய்ப் பெண்ணைச் சேர வேண்டும். ஒரே பாலினம் மட்டும் இருக்கும் சுவரில் ஸ்போர்ப்பை நீட்டிய காம்புகளைப் பார்க்கவே முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டுவது முன்பு சொன்ன ஜெம்மாக்கள். நீங்கள் கசக்கும்போது அவையும் உதிர்ந்து பரவுகின்றன. மழைத்துளி தெறித்து இயற்கை செய்கிற வேலையை உங்கள் கை செய்கிறது.

தூவிய சில வாரங்களில் பரப்பின் மேல் மெல்லிய பச்சைப் படலம் தெரியும். இலை இருக்காது, தண்டு இருக்காது. அசல் ஆல்கா மாதிரியே இருக்கும். புரோட்டோனீமா என்ற குழந்தைப் பருவம் இது. கெட்டுவிட்டது என்று பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். லென்ஸில் பாருங்கள்: கிளைவிட்ட நூலிழைகள் தெரியும், கொஞ்ச நாளில் அவற்றின் மேல் மொட்டுகள் எழும். ஒவ்வொரு மொட்டும் ஒரு செடி. அதன்பின் மெத்தை கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரக்காரர்கள் மணிபிளான்ட் வளர்க்கலாம்.

விதைக்கான பாசியை எங்கிருந்து எடுப்பது? உங்கள் தெருவிலிருந்தே. இடிக்கப்போகிற சுவர், வெள்ளையடிக்கப்போகிற மதில். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் தொங்கு தொட்டிக்கும் மலைக்காட்டுப் பாசியை வாரிக்கொண்டு வருவதை நான் ஏற்கமாட்டேன். சமவெளி வெக்கையில் அது ஒரு கோடையைத் தாண்டாது. அதே போல, கோயில் சிற்பத்திலும் கல்வெட்டிலும் இதை வளர்க்க நினைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் செடி எழுத்துக்கு நல்லதல்ல.

கடைசியாக வீட்டிலேயே இருக்கும் எதிரி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம் எந்தச் சுவர் வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லி, அதன் மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடிவிடுங்கள். சொன்னது மறந்தாலும் சாக்கு நிற்கும்.