விதியென்று விட்டுவிடலாமா?

தோழர்களே! தோவாளையில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்கு ஆறு மாதம், தலை நிற்கவில்லை. ஓசை வந்த பக்கம் முகம் திரும்பவில்லை. "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நிமிரும்" என்பார் பாட்டி. "போன பிறவிப் பாவம்" என்பார் பக்கத்து வீட்டார். பூசாரி கயிறு கட்டுவார், காசு வாங்குவார். எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள் குழந்தைக்கு இரண்டு வயது!

போனது சாதாரணக் காலமா? மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில். தைராய்டு சுரப்பிக் குறையோடு பிறக்கும் குழந்தையைப் பாருங்கள். குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். விட்டால் அறிவு மங்கும். மலிவான மாத்திரை! இதில் விதி எங்கே வந்தது?

எல்லாக் குறையும் மாத்திரையில் தீராது. மூளை முடக்குவாதத்தை அடியோடு போக்குகிறேன் என்பவன் ஏமாற்றுக்காரன். ஆனால் உட்காரவும், உண்ணவும், பேசவும் பழக்கலாம். எங்கே? வீட்டில்! பயிற்சியாளர் பார்ப்பது வாரத்தில் அரைமணி. மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டாரிடம். கால் விறைத்துப் பின்னிக்கொள்ளும் பிள்ளையை, கால்களை அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்குவதே பயிற்சி. படுக்கவைத்து ஊட்டாமல் நிமிர்த்தி ஊட்டுவது பயிற்சி. குளிப்பாட்டும்போது கையென்றும் காலென்றும் பெயர் சொல்லிப் பேசுவதும் பயிற்சிதான். தாய் மட்டும் கற்றால் போதாது, தகப்பனும் கற்க வேண்டும். (மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கக் கூசும் தோழர்களை நானறிவேன்!)

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே போனால், தென்காசிக்கு அருகே ஆய்குடி. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் இராமகிருஷ்ணன். அவர் 1981-இல் தொடங்கியது அமர் சேவா சங்கம். இன்று அதன் களப்பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள். பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார்கள். முன்னேற்றம் கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது. வல்லுநர்கள் வழி சொல்கிறார்கள்.

அரசும் சும்மா இல்லை. 2013-இல் வந்த மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குழந்தைகளை ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதிக்கச் சொல்கிறது. கண்டுபிடித்த பிறகு? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு வாராவாரம் வா என்றால், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுபவர் என்ன செய்வார்? முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் தாய் என்ன செய்வாள்? ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று! நாலு வாரம் வருவார்கள். ஐந்தாம் வாரம் நிற்கும். அவர்களை அலட்சியக்காரர் என்று ஏசுவது எளிது.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிசியோதெரபியையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே வாசலுக்கு, வாரந்தோறும், தலை நிற்காத பச்சிளங்குழந்தைக்காகவும் ஒருவர் வரவேண்டும். சலுகையல்ல தோழர்களே, உரிமை! உரக்கக் கேளுங்கள்.

அதுவரை? உங்கள் தெருவில் அப்படியொரு குழந்தை இருந்தால், இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆசாரிபள்ளம் போகும் முதல் நாளில் தகப்பனும் கூடப் போகட்டும்; அந்த ஒருநாள் கூலியைக் கிளைத் தோழர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் கொடுத்தால் என்ன?