நெய்யூர் டாக்டர் காட்டிய வரிசை: முதல் வைத்தியம் தோட்டத்திலேயே

தேங்காய் வெட்டும் நெல் அறுப்பும் உள்ள இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் காயம் புதிதல்ல. தென்னை உச்சியில் ஏறுபவர், அரிவாள் பிடிப்பவர், பவர் டில்லர் ஓட்டுபவர் எல்லோருமே ஆபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உழைக்கிறார்கள். ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால், நாலு பேர் ஓடி வந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள். நல்ல மனதோடு செய்யும் இந்த அவசரமே முறிந்த முதுகெலும்பை நகர்த்தி, இரண்டு கால்களையும் நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும்.

பெருங்காயம் பட்டவரைக் காப்பாற்ற வேகம் மட்டும் போதாது. எதை முதலில் செய்வது என்ற வரிசையும் வேண்டும். அந்த வரிசையைப் போர்க்களத்தில் கற்றுக்கொண்ட ஒரு அறுவை மருத்துவர், நம் பக்கத்து நெய்யூரில் கால் நூற்றாண்டு பணி செய்திருக்கிறார். அவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்.

நாலு டாக்டர்கள், ஒரு கூடாரம்

சோமர்வெல் 1890இல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் செருப்பு, பூட்ஸ் தயாரிக்கும் தொழில். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து மருத்துவரானார். முதல் உலகப்போர் வந்தபோது ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார்.

1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 57,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதில் 19,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சோமர்வெல் இருந்த கூடாரத்தில் அறுவை செய்ய நாலு பேர்தான். வெளியே பல ஏக்கர் வயல் முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். அறுவைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் மருத்துவர்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, உடனே கை வைத்தால் பிழைக்கக்கூடியவர் யார் என்று தேடி எடுத்தார்கள். 'பக்கத்திலிருப்பவனை விட்டுவிட்டு என்னை எடுங்கள்' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் மனதை உலுக்கியது. அதன் பிறகு அவர் போரையே வெறுத்தார்.

நெய்யூரில் தங்கிய கதை

1922இல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் அவரும் ஒருவர். பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப்பார்த்துக்கொண்டே குமரிமுனை வரை வந்தார். அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். 1838இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருக்க, ஒரே ஒரு அறுவை மருத்துவர் திணறிக்கொண்டிருந்தார். சோமர்வெல் அங்கேயே நின்று உதவத் தொடங்கினார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். குடற்புண்ணுக்கும் வாய்ப்புற்றுக்கும் அவர் செய்த அறுவைகள் ஏராளம். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களுக்குக் கற்பித்து, 1961இல் ஓய்வு பெற்றார்.

தன் மூச்சைத் தானே மீட்டவர்

1924இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறினார். ஆக்சிஜன் உதவியில்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை போனார். இறங்கும்போது, கடுங்குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது, உயிர் தப்பினார்.

மூச்சு நின்றால் சில நிமிடங்களில் உயிர் போகும். பெரிய இரத்தக்குழாய் அறுந்தாலும் அப்படித்தான். எலும்பு முறிவு அதைவிட நேரம் தரும். இந்த வரிசையை உலகமெங்கும் மருத்துவர்களுக்கு முறையான பயிற்சியாக்க ஒரு விபத்தே காரணமானது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். கிராமத்து ஆஸ்பத்திரியில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தடுமாறியதைக் கண்ட அவர், சக மருத்துவர்களோடு சேர்ந்து 1978இல் அந்தப் பயிற்சியைத் தொடங்கினார்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மருத்துவர் பக்கத்தில் இருப்பவர்தான்.

1. முதலில் இயந்திரத்தையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். பிறகே கிட்டே போக வேண்டும். உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

2. மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாயில் இரத்தம், வாந்தி, பல்செட் இருந்தால் அகற்ற வேண்டும். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே கட்டையைப் புரட்டுவதுபோலச் சேர்த்து ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும்.

3. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று வைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் போடக்கூடாது. கை, காலில் எவ்வளவு அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

4. மரத்திலிருந்து விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்கக்கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்து அசையாமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தூக்கிப் பலகையில் கிடத்த வேண்டும்.

5. தண்ணீர், சோடா, டீ எதுவும் கொடுக்கக்கூடாது. அறுவை தேவைப்பட்டால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்தின்போது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

6. விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

மண்ணும் சாணமும் பட்ட காயம் சிறிதானாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

ஆஸ்பத்திரி வாசலில்

பெருங்காயத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பின்னால் வந்தவரை முன்னால் கூட்டிப்போகிறார்கள் என்று கோபப்பட வேண்டியதில்லை. வந்த நேரத்தைவிட உயிருக்குள்ள ஆபத்தே அங்கே வரிசையைத் தீர்மானிக்கிறது.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறிப்பிட்ட வரம்புவரை அரசே ஏற்கிறது. தோட்டத்து விபத்து இதில் சேராது. எனவே தென்னை ஏறுபவர்கள் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டைப் பற்றி வேளாண் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த தேங்காய் வெட்டுக்கு முன்பே தோட்டத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, துவைத்த வேட்டித் துணி இரண்டு, சார்ஜ் உள்ள ஒரு செல்போன் தயாராக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வழியை அடையாளத்தோடு சொல்லத் தெரிந்த ஒருவர் கீழே நிற்கட்டும். இவ்வளவுக்கும் செலவென்று எதுவுமில்லை. மரத்தில் இருப்பவரின் குடும்பத்துக்கு அது பெரிய காவல்.