அரளி: அழகுக்குள் இருக்கும் நஞ்சு

அரளிச் செடியின் வேர், பட்டை, இலை, பூ, விதை என எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எதுவும் இதற்கு விலக்கல்ல. ஆடு மாடு மேயாது, வறட்சியைத் தாங்கும், ஆண்டு முழுவதும் பூக்கும் என்பதால் வீட்டு வாசல், கோயில் நந்தவனம், நெடுஞ்சாலை நடுத்திட்டு எங்கும் இது வளர்க்கப்படுகிறது. செடியை வெட்டி எறியத் தேவையில்லை. அதன் எந்தப் பாகமும் வாய்க்குள் போகாமல் காப்பதே முக்கியம்.

நஞ்சு செயல்படும் விதம்

அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் போன்ற கிளைக்கோசைடுகள் இதயத் தசைச் செல்களில் சோடியம், பொட்டாசியம் சமநிலையைக் குலைக்கின்றன. முதலில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தோன்றும். பிறகு தலைசுற்றும், நாடித்துடிப்பு குறையும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். வாந்தி நின்று ஆள் தெளிவாக இருக்கும்போதும் இதயப் பாதிப்பு தொடங்கலாம். காய வைத்தாலும் வேக வைத்தாலும் நஞ்சு போய்விடாது.

யாருக்கு ஆபத்து?

மஞ்சள் அரளிக் காய் பச்சையாக, கோணலான உருண்டை வடிவில் இருக்கும், பழுத்தால் கருக்கும். உள்ளே கெட்டியான கொட்டை. கீழே உதிர்ந்து கிடக்கும் இதைக் குழந்தைகள் விளையாட எடுத்து வாயில் வைத்துவிடுகிறார்கள். வெட்டிப்போட்ட அரளித் தழை காய்ந்து தீவனத்தில் கலந்தால் மாடுகள் அறியாமல் தின்று இறக்கும். அரளிக் குச்சியை அடுப்பில் எரிக்கக் கூடாது, புகையும் தீங்கானது. நாட்டு மருந்தென்று நம்பித் தாமாக அரைத்துக் குடிப்பதும் உயிரைப் பறிக்கும்.

கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை 2024 மே மாதம் தடை செய்தன. பூவைத் தொடுவதாலும் மாலை கட்டுவதாலும் பொதுவாக ஆபத்தில்லை; வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். உப்புக் கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தின்ற இலை, காயின் மிச்சத்தைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும். மருத்துவமனையில் இசிஜி, பொட்டாசியம் அளவு பார்த்து, செயலூட்டிய கரி, அட்ரோபின், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் மூலம் சிகிச்சை அளிப்பார்கள். டிஜாக்சின் எதிர்ப்பு மருந்து மஞ்சள் அரளி நஞ்சை முறிப்பது இலங்கையில் நடந்த ஆய்வில் உறுதியானது. விலை அதிகம் என்பதால் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

சிகிச்சை பெறும் உரிமை

நஞ்சு தின்றவருக்கு, போலீஸ் வழக்கைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. அரசு, தனியார் மருத்துவர் அனைவருக்கும் இந்தக் கடமை உண்டு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. இதை மீறிச் சிகிச்சை மறுத்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம்.